திங்கட்கிழமை பைன்

உள்ளே வாங்க மேடம். செருப்போடு வந்தாலும் பரவாயில்லை, தரை இன்னும் காயவில்லை. அந்த நாற்காலி வேண்டாம், இழுத்தால் கீச்சென்று கத்தும். இந்தப் பாயில் உட்காருவீங்களா? உட்காருங்க. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க மேடம், அவர் உள்ளே வேலையில் இருக்கிறார்.

நீங்க பேர் சொல்லவே வேண்டாம். வாசலில் நின்று, "சீனிராஜ் வீடு இதுதானா?" என்று கேட்டீங்க பாருங்க, அப்போதே தெரிந்துகொண்டேன். ஷோபனா மேடம். எங்க வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். திங்கட்கிழமை திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து வருகிற குரல். அந்தக் குரல் கேட்டாலே எனக்குக் கை கால் ஓடாது. இப்போது நேரிலேயே வந்துவிட்டீங்க.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பேசத் தெரியாதவள். பேர்தான் பேச்சியம்மாள். "இவளுக்குப் பேரு வச்சவனைக் கூட்டிட்டு வாங்க, ரெண்டு கேள்வி கேக்கணும்" என்று என் மாமியாரே சொல்லும். ஆனால் ஆரம்பித்தால் முடித்துவிடுவேன். நடுவில் யாராவது நிறுத்தினால் மறுபடி வாய் வராது. அதனால் நான் முடிக்கிற வரைக்கும் நீங்க ஒன்றும் சொல்லாதீங்க. அதற்கப்புறம் அவரை வேலையை விட்டு எடுக்கிறதானாலும் எடுங்க.

இல்லை, எடுக்காதீங்க. அதைச் சொல்லத்தான் மேடம் இவ்வளவும்.

அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. வேலை நேரத்தில் நான் யாரையும் அந்தக் கதவுப் பக்கம் விடுவதில்லை. நானும் ஆபீஸில் வேலை பார்த்தவள்தான், எனக்கு ஆபீஸ் சட்டம் தெரியும். சிரிக்காதீங்க. தீப்பெட்டி ஆபீஸ். எங்க சாத்தூர்ப் பக்கம் அதையும் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஐந்தாவது முடித்த கையோடு எங்க அம்மா என்னைக் கட்டை அடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மரச் சட்டத்தில் குச்சி குச்சியாக அடுக்கணும். கணக்குப்பிள்ளை என்று ஒருத்தர் இருப்பார். பிந்தி வந்தால் பைன். குச்சி சிந்தினால் பைன். பேசினால் பைன். அந்தாள் வாயில் வேறு சொல்லே வராது, "ஏ பிள்ளைகளா, யாருடி அங்க பேசுறது? பைன் போட்டுருவேன்." நாங்க அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் பேசுவோம். ஒருத்தி வீட்டில் மாமியார் சண்டை, ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க, ஒருத்திக்குச் சும்மாவே அழுகை வரும். குனிந்த தலை நிமிராமல் பேசுவோம். பைன் போட்டாலும் பேசுவோம். பேசாவிட்டால் அந்த மருந்து நெடியில் யார் உட்கார்வது?

அதை விடுங்க. இவர் கதைக்கு வருகிறேன்.

இவருக்கு உங்க கம்பெனியில் வீட்டில் இருந்தே வேலை என்று ஆர்டர் வந்தபோது நாங்க தரையில் நிற்கவில்லை மேடம். இதோ என் மடியில் தூங்குகிற சஷ்டிகா அப்போது வயிற்றில் இருந்தாள். ஊரிலேயே முதல் ஆள் இவர்தான், சட்டை கசங்காமல் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது. என்ன வேலைங்க என்று கேட்டேன். "ஜனங்க போன்ல வீடியோ போடுதாங்கல்ல, அதுல கெட்டது வந்தா பாத்து எடுத்துரணும். அவ்வளவுதான்" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்க ஆபீஸில் கழிவுக்குச்சி பொறுக்குவாங்க, அந்த மாதிரி. நல்லது இந்தப் பக்கம், கழிவு அந்தப் பக்கம். லேசான வேலை. புதுசாக வருகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பாங்க.

ஊரில் ஒரே கேலி. எதிர்வீட்டு அன்னத்தாய் அக்கா இருக்கே, அது தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாரும் கேட்கிற மாதிரி, "ஏடி பேச்சி, உன் மாப்பிள்ளை இன்னைக்கு என்ன படம் பாக்காரு? எங்களுக்கும் ரெண்டு டிக்கெட் வாங்கிக் குடேன்" என்று கேட்கும். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். உள்ளுக்குள் பெருமைதான். படம் பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வேலை முடிந்து வந்தால் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு என்னென்னவோ சொல்வார். ஒருத்தன் பூனைக்குச் சட்டை தைத்துப் போட்டானாம், அதையும் யாரோ கெட்டது என்று புகார் கொடுத்தாங்களாம். சிரித்துச் சிரித்துப் பிள்ளை முழித்துக்கொள்ளும்.

அப்புறம்தான் அந்தத் திங்கட்கிழமை போன் ஆரம்பித்தது.

இருங்க மேடம், குறுக்கே வராதீங்க. உங்களைத் தப்பாகச் சொல்லவில்லை. அது உங்க வேலை. கணக்குப்பிள்ளையும் நல்ல மனுஷன்தான், தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு வளையல் வாங்கிக் கொடுப்பார்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீங்க என்னவோ இங்கிலீஷில் கேட்டீங்க. அவர் சொன்னார், "ஐ ஆம் பைன் மேடம்." இத்தனை நாள் இல்லாமல் இப்போது பைனா? வெளியே வந்தவரிடம் கேட்டேன், "என்னங்க, மேடம் என்ன சொன்னாங்க?" அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல பேச்சி. கேட்டாங்க. பைன்னு சொன்னேன். அவ்வளவுதான்" என்றார். நான் தோண்டிக் கேட்கவில்லை. பைன் வாங்கின ஆளிடம் எதற்கு என்று கேட்டால் கோபம் வரும். எங்க ஆபீஸிலும் அப்படித்தான்.

ஆனால் எனக்குத் தெரியும் எதற்கென்று. சத்தம். அன்றைக்குக் குக்கர் விசில் அடித்தது, பிள்ளை கொலுசு போட்டுக்கொண்டு தத்தித் தத்தி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. போனில் எல்லாம் கேட்டிருக்கும். அன்றைக்கே கொலுசைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். "என்னடி, பொம்பளைப் பிள்ளை காலை மொட்டையா விட்டிருக்க?" என்று ஆள் ஆளுக்குக் கேட்டாங்க. கேட்கட்டும். சோற்றைப் பானையில் வடித்தேன். அம்மி, மிக்ஸி எல்லாம் அவர் சாப்பிட வருகிற நேரத்தில் மட்டும்.

அடுத்த திங்களும் அதே பைன். அதற்கடுத்ததும்.

எங்க மாமியாருக்கு இருமல் உண்டு. ஆரம்பித்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். நான் நயமாகத்தான் சொன்னேன், "அத்தை, கொஞ்ச நாளைக்குப் பெரியத்தான் வீட்டில் இருந்துட்டு வாங்களேன்." அது பையைக் கட்டிக்கொண்டே தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "நான் பெத்த பிள்ள வீட்டுல இருமுறதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லையாடி?" என்று கத்தியது. அதற்கும் சேர்த்து அந்தத் திங்கட்கிழமை பைன் விழும் என்று பயந்துகொண்டே இருந்தேன். விழுந்தது.

ஜெயக்கொடி அண்ணன் என்று ஒருத்தர். இவருக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. வேலை முடிகிற நேரம் பார்த்து வாசலில் நின்று, "டேய் சீனி, வாடா, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம், கண்ணு அவிஞ்சிராம" என்று கூப்பிடுவார். இவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார். போனால் சீக்கிரம் வரமாட்டார். ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டு வருவாங்க. மறுநாள் வேலைக்கு அசதியாக இருந்தால் யாருக்குப் பைன்? நான் 'மீட்டிங்' என்று ஒரு சொல் கற்றுக்கொண்டேன் மேடம். அந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் வாசலில் நிற்கமாட்டாங்க. "அண்ணே, அவருக்கு மீட்டிங்" என்பேன். இரண்டு மாதம் வந்து பார்த்தார். அப்புறம் வருவதில்லை. "ஜெயக்கொடி வரலையா?" என்று இவர் கேட்டார். "வரலைங்க, அவருக்கு என்ன வேலையோ" என்று சொல்லிவிட்டேன். கைலியை மடித்துக் கட்டியிருந்தவர் இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இவ்வளவு செய்தும் பைன் நிற்கவில்லை. நான் எதை விட்டேன் என்றுதான் இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

அவரும் ஆள் மாறிப்போனார். கறி எடுத்தால் சாப்பிடமாட்டார். அன்னத்தாய் அக்கா வீட்டில் கோழி அறுத்தாங்க, இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அரிவாள்மணையை எடுத்துப் பரணில் போடு என்றார். "பாப்பா எங்க, பாப்பா எங்க" என்று உள்ளே இருந்து போனிலேயே கேட்பார். நான் அடுப்படியில்தான் நிற்பேன். இந்த வீட்டில் அடுப்படிக்கும் அந்த அறைக்கும் எவ்வளவு தூரம், நீங்களே பாருங்க. "இடுப்பில்தான் இருக்காங்க" என்று சொன்னால் வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கேள்வி. பிள்ளை மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கையில் கொடுத்தால் வாங்கமாட்டார். "கை கழுவல" என்பார். கழுவிவிட்டு வந்தும் கழுவவில்லை என்பார்.

ஒரு நாள் சஷ்டிகா வாசல்படியில் தடுக்கி விழுந்துவிட்டாள். உதடு கிழிந்து ரத்தம். நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பிள்ளை கத்தின கத்தலில் ஓடி வந்தால், அவர் முன்னாடியே அங்கே நிற்கிறார். சாப்பிட வெளியே வந்த நேரம். பிள்ளை காலடியில் கிடந்து இரண்டு கையையும் தூக்கி அழுகிறது. இவர் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார். முகத்தில் ஒன்றுமே இல்லை. வலது கை விரல் ஒன்று மட்டும், உள்ளே லேப்டாப்பில் தட்டுகிற மாதிரி, தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. தட்டுகிறார், பார்க்கிறார். தட்டுகிறார், பார்க்கிறார்.

நான் பிள்ளையை அள்ளிக்கொண்டேன். அப்போது கேட்டார் மேடம், "போயிருச்சா?"

எது போச்சு என்று நான் கேட்கவில்லை. "போயிருச்சுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீங்களா? எனக்குக் கொஞ்சம் குடிக்கணும்.

அதற்கடுத்த திங்கட்கிழமை உங்க போன் வந்தது. நீங்க கேட்டீங்க. நீங்க திரும்பவும் கேட்டீங்க. அப்போது சொன்னார், "ஐ ஆம் பைன் மேடம். பைன். ஐ ஆம் பைன்." ஒரே மூச்சில் மூன்று. குரல் ஒடுங்கிப்போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நான் கதவில் சாய்ந்து நின்றுவிட்டேன். ஒரே நாளில் மூன்று பைன் போட்டால் ஒரு மனுஷன் என்ன ஆவான்?

அதனால்தான் மேடம். போன திங்களும் அதற்கு முந்தின திங்களும் அவர் போனை எடுக்கவில்லை என்றுதானே தேடி வந்திருக்கிறீங்க? அவர் எடுக்காமல் இல்லை. நான்தான் காலையிலேயே போனை எடுத்து அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். கூப்பிட்டால்தானே பைன்? சாயங்காலம் எடுத்து மேஜையில் வைத்துவிடுவேன். அவர் தேடக்கூட இல்லை. எனவே இதில் தப்பு என் மேல்தான், அவர் மேல் இல்லை. எழுதுகிறதானால் என் பேரை எழுதுங்க.

முடித்துவிட்டேன். இனிமேல் நீங்க சொல்லுங்க.

என்ன மேடம்? ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?

இல்லை, பைன்தான். என் காதால் கேட்டேன். வாராவாரம் கேட்டேன்.

என்னது?

திரும்பவும் சொல்லுங்க. மெதுவாகச் சொல்லுங்க.

நல்லா இருக்கேனா? அந்தச் சொல்லுக்கு நல்லா இருக்கேன் என்று அர்த்தமா?

எங்க ஊரில் போலீஸ்காரன் ஹெல்மெட்டுக்குப் போடுவது ஒன்றுதான் பைன். வேறு பைன் எனக்குத் தெரியாது. ஒரே சொல்லை இரண்டுக்கும் எதற்கு வைத்திருக்காங்க?

அப்படியானால் காசு ஒன்றும் பிடிக்கவில்லையா? ஒரு தடவைகூடவா? சம்பளம் முழுசாக வந்ததே, நான்தான் அவர் எங்கேயோ கடன் வாங்கிச் சரிக்கட்டுகிறார் என்று நினைத்தேன்.

இருங்க மேடம். ஒரு நிமிஷம் இருங்க. அன்றைக்கு மூன்று தடவை சொன்னாரே. அழுதுகொண்டு சொன்னாரே. அழுதுகொண்டா நல்லா இருக்கேன் என்று சொன்னார்?

நீங்க கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்க?

இல்லை, சண்டைக்கு வரவில்லை. எனக்குச் சண்டை போடத் தெரியாது. அழாதீங்க மேடம், நீங்க அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. போனில் கேட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். எங்க அம்மா கேட்டால் நானும் அப்படித்தான் சொல்கிறேன். நல்லா இருக்கோம்மா, வை போனை.

நானா? நான் அவரிடம் கேட்டதில்லை. எப்படி மேடம் கேட்பது? வீட்டு ஆளைப் பார்த்து யாராவது, எப்படி இருக்கீங்க என்று கேட்பாங்களா? விருந்தாளியைக் கேட்பது அது. நாங்க சாப்பிட்டீங்களா என்று கேட்போம். சாப்பிட்டேன் என்றால் நல்லா இருக்காங்க என்று அர்த்தம். இவர் தட்டில் போட்டது கொஞ்ச நாளாக அப்படியே வருகிறது. பல் வலி என்று நினைத்தேன்.

டாக்டரா? மதுரையிலா? மனசுக்குத் தனியாக டாக்டர் என்றால்... ஊரில் என்ன சொல்வாங்க தெரியுமா மேடம்? அன்னத்தாய் அக்கா வாயை யார் மூடுவது? சரி. சரி மேடம். லீவுக்குப் பைன் உண்டா? நிஜமாகவே இல்லையா? கம்பெனியே கூட்டிக்கொண்டு போகுமா? நானும் வரலாமா? நான் காரில் முன்னாடி உட்காரமாட்டேன், தலை சுற்றும். அத்தையும் வரட்டும். இருமினால் இருமட்டும்.

இப்போதேயா? நீங்க கூப்பிடுங்களேன். நீங்க பெரிய ஆள், உங்களுக்குத்தான் பதில் சொல்வார்.

சரி, நானே கூப்பிடுகிறேன். பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க. தூக்கத்தில் இருக்கிறாள், தோளில் போட்டுக்கோங்க, அழமாட்டாள்.

என்ன மேடம் பார்க்கிறீங்க? தாழ்ப்பாளா?

ஆமாம், வெளிப்பக்கம்தான். நான்தான் போட்டேன். சஷ்டிகா தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள், அதற்குத்தான். காலையில் அவர் உட்கார்ந்ததும் போடுவேன். வெளியே வரணும் என்றால் தட்டுவார், உடனே திறந்துவிடுவேன், ஒரு நாளும் காக்க வைத்ததில்லை. முன்னாடியெல்லாம் ஒன்பது தடவை தட்டுவார், தண்ணீர் வேணும், டீ வேணும், பிள்ளையைக் காட்டு என்று. இப்போது தட்டுவதில்லை. வேலை முடிந்தாலும் தட்டுவதில்லை. நானாகப் போய்த் திறந்தால்தான் உண்டு. வேலையில் அவ்வளவு கவனம் என்று நினைத்தேன். இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு தடவைகூட...

மேடம், திறக்க வரவில்லை. இந்தத் தாழ்ப்பாள் எப்போதும் லேசாகத்தான் வரும்.

ஏங்க.

ஏங்க, நான்தான். இங்கே திரும்புங்க. அந்த லேப்டாப்பை மூடுங்க, நான் அதைப் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்காதீங்க. மூடியாச்சு. என்னைப் பாருங்க. பாப்பா நல்லா இருக்காங்க, தூங்குறாங்க, மேடம் தோளில் இருக்காங்க. ஆமாம், நிஜமாகத்தான். போகவில்லை, இருக்காங்க.

ஏங்க. எப்படி இருக்கீங்க?

சிரிக்காதீங்க. விருந்தாளி மாதிரிக் கேட்கிறேன் என்று எனக்கும் தெரியும். வெட்கமாகத்தான் இருக்கு. சொல்லுங்க. இங்கிலீஷில் வேண்டாம், எனக்குத் தெரிகிற மாதிரிச் சொல்லுங்க.

மேடம், கேட்டீங்களா? "தெரியல, பேச்சி" என்கிறார்.

தெரியாவிட்டால் பரவாயில்லைங்க. எனக்கும் தெரியவில்லை. எந்திரிங்க. என் தோளைப் பிடிச்சுக்கோங்க. கால் மரத்திருக்கும், மெதுவாக. கையெல்லாம் கழுவியாச்சு, போதும், பிடிங்க.

மேடம், வாசலை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவர் வெளியே வருகிறார்.